ஹார்டு டிஸ்க் மூடியில ஒரு ஜன்னல்: வெட்டுறதுலேருந்து முதல் சுழற்சி வரைக்கும்

[காட்சி: ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அதன் மேல் கறுப்புத் துணியில் ஒரு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க். மூடியில் அரைவட்ட ஜன்னல். உள்ளே தட்டு ஓடுகிறது.]

வணக்கம். இந்தத் தட்டு இப்ப நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்திக்கிட்டு இருக்கு. ஆனா நின்ன மாதிரிதான் தெரியுது, பாருங்க. ஒரு கீறலோ புள்ளியோ இருந்தாத்தானே சுத்துறது கண்ணுக்குத் தெரியும்? நடுவுல இருக்கிற ஸ்க்ரூக்கள் மட்டும் கலங்கிப் போய் ஒரு சாம்பல் வளையமா தெரியுது. அதை வச்சுத்தான் ஓடுதுன்னே சொல்ல முடியும்.

கீழ இருக்கிற ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்க. அதோட பளபளப்பு தேய்ச்சு வந்தது இல்ல. கண்ணாடித் தகடு மேல கலர் சிமெண்டை ஊத்தி வார்க்குறாங்க. கண்ணாடியோட வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துடுது. டிஸ்க் தட்டுக்கு வழி வேற. அலுமினியத் தட்டு மேல நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு கொடுத்து, அதைக் கண்ணாடி மாதிரி மெருகேத்தி, அதுக்கு மேல கோபால்ட் கலந்த காந்தப் படலம், அதுக்கு மேல கார்பன், கடைசியா ஒரு துளி மசகு. பூச்சு வேலை காரைக்குடிக்குப் புதுசு இல்ல. 1953-லேருந்து சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இங்கதான் இருக்கு.

[காட்சி: தட்டின் மேல் நிற்கும் ஹெட், நெருக்கத்தில்.]

படிக்கிற ஹெட் தட்டைத் தொடுறதே இல்ல. தட்டு சுத்துறப்போ கூடவே இழுத்துட்டு வர்ற காத்து மேல மிதக்குது. நடுவுல இருக்கிற இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியோட தடிமன் ஏறக்குறைய 70,000 நானோமீட்டர். தட்டோட வெளி ஓரம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல ஓடுது. காரைக்குடியில கிளம்பினா முக்கால் மணி நேரத்துல திருச்சி போற வேகம். அந்த வேகத்துல ஒரு தூசி ஹெட் மேல மோதினா ஹெட் சட்டுன்னு சூடாகி சிக்னல் குழம்பிடும். தூசி கெட்டியா இருந்தா பூச்சையே கீறிடும். கீறின இடத்துலேருந்து உதிர்ற தூள், அடுத்த கீறலைப் போடும்.

அதனால ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறோம். கல்யாண ஆல்பம், கடைக் கணக்கு இருக்கிற டிரைவை இதுக்குத் தொடாதீங்க. ஜன்னல் வச்ச டிரைவ் பாக்குறதுக்கு. அதுல இருக்கிறது எல்லாம் வேற ஒரு இடத்துலயும் இருக்கணும்.

இது கம்பெனிகளே பண்ணிப் பாத்த விஷயம்தான். 2006-ல வெஸ்டர்ன் டிஜிட்டல் ராப்டர் எக்ஸ்னு ஒரு டிரைவ் கொண்டு வந்தாங்க: 150 ஜிபி, நிமிஷத்துக்கு 10,000 சுத்து, மூடியில பாலிகார்பனேட் ஜன்னல். அவங்க அதைத் தூசி வடிகட்டின சுத்த அறையில வச்சு மூடினாங்க. நம்மகிட்ட அந்த அறை கிடையாது. அதனால வேலையோட வரிசையை மாத்திக்கிறோம்: டிரைவைத் திறந்து வச்சுட்டு மூடியை வெட்டக் கூடாது. அதே மாடல்ல செத்துப் போன டிரைவ் ஒண்ணு வாங்கி, அதோட மூடியில ஜன்னலை முழுசா முடிச்சுட்டு, கடைசியில மூடியை மட்டும் மாத்தணும். ஓடுற டிரைவ் திறந்து கிடக்கிறது மொத்தமே அரை நிமிஷம்.

[காட்சி: ஒரே மாடல் இரண்டு டிரைவ்கள் அருகருகே.]

எந்த டிரைவ்? 3.5 அங்குலம், 80 முதல் 500 ஜிபி வரைக்கும், பழசு. லேப்டாப் டிரைவ் வேண்டாம். உள்ள இடமே இல்ல. ஹீலியம் அடைச்ச டிரைவைத் தொடவே கூடாது. 2013-லேருந்து வர்ற பெரிய கொள்ளளவு டிரைவ்கள்ல அந்த வகை உண்டு. மூடியை லேசர் வெல்டு பண்ணியிருப்பாங்க, மூச்சு ஓட்டை இருக்காது. திறந்தா வாயு போயிடும், டிரைவும் போயிடும்.

அடுத்தது லேபிள். கட்டைவிரல் நகத்தால அழுத்தித் தடவிப் பாருங்க. ஒரு மூலைக்குப் பக்கத்துல சின்னப் பள்ளம் தட்டுப்பட்டா அங்க ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கு. ஹெட்டைத் தாங்குற கை எந்த அச்சுல திரும்புதோ, அந்த அச்சோட மேல் முனையை மூடியோட சேத்துப் பிடிக்கிற ஸ்க்ரூ அது. சில மாடல்ல தட்டோட நடு அச்சுக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கும். இந்த ரெண்டு இடத்துலயும் மூடி வெறும் மூடி இல்ல, ஒரு தாங்கு. தொழிற்சாலையில தட்டுல வழிகாட்டிக் குறிகளை எழுதினப்போ இருந்த அச்சு, ஸ்க்ரூ தளர்ந்தா இம்மி அளவு சாயும். அப்புறம் ஹெட் தன் தடத்தைத் தேடி அலையும். நல்லா வெட்டி ஒட்டின ஜன்னல் வச்சும் டிரைவ் ஓடலைன்னா, பெரும்பாலும் இங்கதான் தப்பு.

அதனால கை அச்சு ஸ்க்ரூவைச் சுத்தி 15 மில்லிமீட்டர் உலோகத்தை அப்படியே விட்டுடுங்க. நடு அச்சுக்கும் ஸ்க்ரூ இருந்தா முழு வட்டம் கிடையாது, அரைவட்டம்தான். அரைவட்டம் குறைச்சல்னு நினைக்காதீங்க. தட்டுல பாதியும் கையோட நுனியும் தெரிஞ்சா போதும், பாக்க வேண்டியது அத்தனையும் தெரியும்.

[காட்சி: மூடியின் உட்பக்கம். ரப்பர் கேஸ்கட், மூச்சு ஓட்டை, அதன் கீழே ஃபில்டர்.]

மூடியில ஊசி முனை மாதிரி ஒரு ஓட்டை, பக்கத்துலயே மூடாதேன்னு எழுதியிருக்கும். டிரைவ் சூடாகி ஆறுறப்போ உள்காத்து விரிஞ்சு சுருங்கும். அந்தக் காத்து போய் வர்ற வழி இது. உட்பக்கம் இதுக்கு ஒரு ஃபில்டர் ஒட்டியிருக்கும். ஓட்டையை அடைச்சா காத்து கேஸ்கட் வழியா இழுபடும், ஃபில்டர் இல்லாம. ஃபில்டரை மெல்லிய பிளேடால நெம்பி எடுத்து ஜிப் கவர்ல போட்டு வையுங்க. அது நனையக் கூடாது, மூடியைக் கழுவிக் காஞ்ச அப்புறம் அதே இடத்துல திரும்ப ஒட்டணும்.

வெட்டுறது. மாஸ்கிங் டேப் ஒட்டி, அதுல கோடு போடுங்க. கேஸ்கட்டுக்கும் வெட்டுக்கும் நடுவுல குறைஞ்சது 10 மில்லிமீட்டர் வேணும். ஜன்னலை ஒட்டுற இடம் அதுதான். மூலைகள்ல 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, அலுமினிய மூடின்னா நுண்பல் ரம்பம், ஸ்டீல் மூடின்னா ரோட்டரி கருவியில கட்டிங் டிஸ்க். டிஸ்க்கை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க. சூடேறினா கேஸ்கட் உருகும். அப்புறம் அரம் போட்டு, 400, 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணிக்குள்ளேயே வச்சுத் தேய்ங்க. தூள் தண்ணியிலேயே நின்னுடும்.

நிறைய மூடிகள் ஒரே தகடு இல்ல. சத்தம் குறைக்கிறதுக்காக ரெண்டு தகட்டுக்கு நடுவுல பசை வச்சு ஒட்டினது. வெட்டின ஓரத்துல அந்தப் பசை வெளிய தெரியும், உலோகத் தூள் அதுல ஒட்டிக்கும், பின்னாடி ஒரு நாள் உதிரும். அதனால ஓரத்துக்கு மெல்லிசா எபாக்சி தடவி 24 மணி நேரம் காய விடணும். ஸ்டீல் தூள்ல இன்னும் கவனம் வேணும். உள்ள கையை அசைக்கிற காந்தம் நியோடிமியம். ஒரு துகள் போதும், தானா பறந்து போய் காயிலுக்குப் பக்கத்துல ஒட்டிக்கும்.

[காட்சி: 2 மி.மீ. பாலிகார்பனேட் துண்டும் அக்ரிலிக் துண்டும்.]

ஜன்னலுக்கு 2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் சிறந்தது. கிடைக்கலைன்னா, காரைக்குடியில பெயர்ப்பலகை வெட்டுற கடைகள்ல அக்ரிலிக் துண்டு கேளுங்க. லேசர்ல அக்ரிலிக் பளிச்சுன்னு வெட்டும். பாலிகார்பனேட் ஓரம் பழுப்பாகிடும், அதை ரம்பத்துலதான் வெட்டணும். ஆல்கஹால் போட்டு அக்ரிலிக்கைத் துடைக்காதீங்க, நரம்பு நரம்பா விரிசல் விடும். சோப்புத் தண்ணி போதும்.

ஒட்டுறது எப்பவும் வெளிப்பக்கம். உட்பக்கம் ஒட்டினா மேல் கை உரசும்.

பசைதான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். மீன் தொட்டிக்குப் போடுற சிலிக்கான்ல புளிச்ச காடி வாசம் வரும் இல்லையா, அது அசிட்டிக் அமிலம். மூடின டிரைவுக்குள்ள அந்த ஆவி அரிக்கும். சூப்பர் குளூ காயுறப்போ வெள்ளை ஆவி விட்டு, கண்ணாடி மேல பனி மாதிரி படியும். தட்டு மேலயும் படியும். முழு எபாக்சி கெட்டியா பிடிக்கும், ஆனா வளையாது. சூட்டுல அக்ரிலிக் அலுமினியத்தை விட மூணு மடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி ஏறினா வித்தியாசம் 0.14 மில்லிமீட்டர். நம்ம ஊர் சித்திரை வெயில்ல அது தினமும் நடக்கும், கடைசியில ஒட்டு விட்டுடும். அதனால ரெண்டு பக்கமும் ஒட்டுற அக்ரிலிக் ஃபோம் டேப். அது கூடவே இழுபட்டு சுருங்கும். மூலையில 45 டிகிரியில வெட்டி இடைவெளி இல்லாம சேருங்க. முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும், அவசரப்படாதீங்க.

ஒட்டுறதுக்கு முன்னாடி உலோகத்தை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுடணும். ஒட்டி முடிச்ச அப்புறம் மொத்த மூடியையும் பாத்திரம் கழுவுற சோப்பு, மெத்து பிரஷ், கடைசியா டிஸ்டில்டு வாட்டர். பேட்டரி கடையில அந்தத் தண்ணி கிடைக்கும். குழாய்த் தண்ணியில கழுவினா காஞ்சதும் உப்புப் புள்ளி நிக்கும், அதுவும் தூசிதான்.

[காட்சி: பக்கவாட்டில் சாய்த்த பிளாஸ்டிக் பெட்டி, கைக்கு இரண்டு ஓட்டைகள், பின்னால் ஃபில்டரும் ஃபேனும்.]

இனி சுத்தமான இடம். 50 லிட்டர் ஒளி புகுற பிளாஸ்டிக் பெட்டியைச் சாய்ச்சு, பின்பக்கம் ஏர் பியூரிஃபையருக்கான ஹெப்பா ஃபில்டர், அதுக்குப் பின்னாடி கம்ப்யூட்டர் ஃபேன். ஃபில்டரைச் சுத்தி டேப்பால அடைச்சுடுங்க. காத்து ஃபில்டர் வழியா உள்ள வந்து, கை ஓட்டை வழியா வெளிய போகணும். ஹெப்பா 0.3 மைக்ரான் துகள்ல 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். அரை மணி நேரம் ஓட விட்டு அப்புறம் வேலை.

நாளும் பாக்கணும். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற ஊர் நம்மது, செம்மண் தூசி அடைச்ச ஜன்னல் வழியாவும் வரும். ஐப்பசி மழை பெஞ்சு ஓஞ்ச ராத்திரி நல்லது. தூசி படிஞ்சிருக்கும், ஈரப்பதம் இருக்கிறதால பிளாஸ்டிக்ல ஸ்டாட்டிக்கும் குறையும். முற்றம் திறந்த வளவுப் பக்கம் வேண்டாம். உள் அறை, ஈரத்துணி போட்டுத் துடைச்ச தரை, சீலிங் ஃபேன் ஆஃப். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட வீட்டுல அன்னிக்கு வேண்டவே வேண்டாம், அந்தப் புகைத் துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழ, மணிக்கணக்கா மிதக்கும். தோள்ல துண்டு கூடாது. பவுடர் இல்லாத நைட்ரில் கையுறை, தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க்.

மூடியில பொதுவா டி8 டார்க்ஸ் ஸ்க்ரூ, தலையில நட்சத்திரக் குழி இருக்கும். ரெண்டை விட்டுட்டு மீதியைப் பெட்டிக்கு வெளியவே கழட்டிடுங்க. ஸ்க்ரூடிரைவர் நுனி காந்தம், அதுல ஒட்டின தூளை டேப்பால ஒத்தி எடுங்க. டிரைவோட வெளிப்பக்கத்தை ஆல்கஹால்ல துடைச்சு, பெட்டிக்குள்ள வச்சு பத்து நிமிஷம் பொறுங்க. அப்புறம் கடைசி ரெண்டு. கேஸ்கட் ஒட்டியிருக்கும், பிளாஸ்டிக் கார்டால ஒரு ஓரத்தைத் தூக்குங்க, மூடியை நேரா மேல எடுங்க. புது மூடியை நேரா இறக்குங்க. வாயால ஊதாதீங்க, ஸ்ப்ரே கேன் அடிக்காதீங்க. ஸ்க்ரூ எல்லாத்தையும் ரெண்டு சுத்து கையால போட்டுட்டு, எதிர் எதிர் மூலையா, ஒரே அளவு இறுக்கணும்.

[காட்சி: முதல் மின் இணைப்பு. ஒலி தெளிவாக.]

சத்தத்தைக் கேளுங்க. ஏறுற ஊஊ, ஒண்ணு ரெண்டு டிக், அப்புறம் அமைதி. இது நல்ல டிரைவ். டிக் டிக்னு விடாம அடிச்சா உடனே நிறுத்திட்டு, கை அச்சு ஸ்க்ரூவைப் பாருங்க. உரசுற சத்தம் வந்தா, டேப்போட ஓரமோ ஜன்னலோ எங்கேயோ உள்ள தட்டுது. நிறுத்துங்க, மறுபடி போட்டுப் பாக்காதீங்க.

நல்லா ஓடுச்சுன்னா கால் மணி நேரம் எதுவும் எழுதாம ஓட விடுங்க. உள்ள ஒரு மூலையில வெள்ளைத் தலையணை மாதிரி ஒரு ஃபில்டர் இருக்கும். சுத்துற காத்துல இருக்கிற துகள்களை அது பிடிச்சு வைக்கும். அப்புறம் ஸ்மார்ட் அளவுகள், அதாவது டிரைவ் தன் நிலைமையைத் தானே குறிச்சு வைக்கிற எண்கள். மூடி மாத்துறதுக்கு முன்னாடியே 5 (கெட்டுப் போய் மாத்தின இடங்கள்), 197 (சந்தேகமான இடங்கள்), 198 (படிக்கவே முடியாத இடங்கள்) இந்த மூணையும் குறிச்சு வச்சிருக்கணும், இப்ப ஒப்பிடுங்க. டிரைவ் முழுசும் ஒரு முறை எழுதிப் படிங்க. 160 ஜிபி, நொடிக்கு 60 எம்பி வேகம்னா எழுத மட்டும் முக்கால் மணி நேரம். 197 ஏறினா தட்டு அடி வாங்கியிருக்கு. ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாருங்க, அப்பவும் அதே எண் நின்னா காட்சிக்கு வைக்கலாம்.

வெளிச்சத்துக்கு எல்இடியை உள்ள வைக்காதீங்க, ஒயர் கேஸ்கட்டைத் தூக்கிடும். ஜன்னலோட வெளி ஓரத்துல வையுங்க. பவர் கனெக்டர்ல சிவப்பு ஒயர் 5 வோல்ட். வெள்ளை எல்இடின்னா 220 ஓம் ரெசிஸ்டர் போட்டா போதும்.

[காட்சி: இருண்ட அறை. ஜன்னல் ஓரத்தில் எல்இடி. தட்டின் மேல் கை.]

இப்ப ஒரு பெரிய படத்தைக் காப்பி பண்றோம். கை அசையுறதே தெரியல, வெளி ஓரத்துலேருந்து மெல்ல மெல்ல உள்ள வருது. அடுத்தது ஆயிரம் சின்னச் சின்ன ஃபைல்கள். பாருங்க, கை நடுங்குது. நுனி எங்க இருக்குன்னே கண்ணு பிடிக்க முடியல. இப்ப நிறுத்துறோம். கை ஒரே வீச்சுல ஓரத்துச் சரிவுல ஏறி உக்காந்துடுச்சு, தட்டு இன்னும் ஓடுது. நடுவுல அந்தச் சாம்பல் வளையம் மங்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவா பிரிஞ்சு தெரியுது பாருங்க.