இறுகிய கால் வலுவான கால் அல்ல

நேயர்களுக்கு வணக்கம்.

பெருமூளை வாதம், அதாவது சி.பி. (செரிப்ரல் பால்சி) உள்ள பல குழந்தைகளின் காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தால் விறைப்பாக எதிர்த்து நிற்கும். "காலில் இவ்வளவு பலம் இருக்கிறதே, அப்புறம் ஏன் எழுந்து நிற்க வரவில்லை?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த விறைப்பு பலமே இல்லை. மூளையின் கட்டுப்பாடு குறைந்ததால் தசை தானாக இறுகிக்கொள்கிறது. அதே தசையைக் குழந்தை தானாக இயக்க நினைக்கும்போது, தேவையான அளவுக்கு அது சுருங்குவதில்லை. முட்டியை நீட்டும் முன்தொடைத் தசை வேலை செய்யும் அதே நேரத்தில், மடக்கும் பின்தொடைத் தசையும் சேர்ந்து இழுக்கிறது. தசையே மெலிந்தும் குட்டையாகவும் வளர்கிறது. ஆக, இறுக்கம் வெளியில் தெரிகிறது. பலவீனம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இதனால் ஒரு தவறான எண்ணம் பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. எடை தூக்க வைத்தால் இறுக்கம் கூடிவிடும் என்று பயந்து, நீவி விடுவதும் இழுத்து நீட்டுவதுமாகவே சிகிச்சை நடந்தது. 1995இல் அமெரிக்காவில் பிசியோதெரபி ஆய்வாளர் டயான் டமியானோவும் அவருடைய குழுவினரும் முட்டி மடங்கியபடி நடக்கும் 14 குழந்தைகளுக்கு வாரம் 3 நாள், 6 வாரம், கணுக்காலில் எடை கட்டி முன்தொடைப் பயிற்சி கொடுத்தார்கள். தசை வலுவானது, நடையில் முட்டி மடக்கமும் குறைந்தது. 2001இல் வந்த இன்னொரு ஆய்வு, இப்படிப்பட்ட பயிற்சிக்குப் பின் இறுக்கம் கூடவில்லை என்று அளந்து காட்டியது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் "எடை கட்டாதீங்க" என்ற அறிவுரை இன்னும் சில இடங்களில் கேட்கிறது. அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். இயந்திரத்தில் உட்கார்ந்து காலால் தள்ளினால் அந்தத் தள்ளல் நன்றாக வரும். நடை தானாக வந்துவிடாது. 2013இல் ஆஸ்திரேலியாவில் 14 முதல் 22 வயது வரை உள்ளவர்களை 12 வாரம் ஜிம்மில் பயிற்சி செய்ய வைத்தார்கள். தசை பலம் கூடியது, நடக்கும் தூரம் கூடவில்லை. அதனால் குழந்தைக்கு அன்றாடம் எது தேவையோ அதே அசைவில் பலம் ஏற்ற வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, சாப்பிட்டு முடித்துத் தரையிலிருந்து எழுவது, இவைதான் பயிற்சி.

முதலில் உட்கார்ந்து எழுவதைப் பார்ப்போம். மற்ற எதையும் விட இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். முதுகுச் சாய்வு இல்லாத, ஆடாத ஸ்டூல் ஒன்று போதும். தரையிலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். அந்த உயரத்தில் கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால், ஸ்டூலின் மேல் பலகை வைத்துக் கட்டி உயரத்தைக் கூட்டுங்கள். எழ முடிகிற உயரத்தில் ஆரம்பித்து, வாரங்கள் போகப் போக 2 சென்டிமீட்டர் வீதம் குறைக்கலாம். பாதங்கள் முட்டிக்குச் சற்றுப் பின்னால், குதிகால் தரையில் படிந்திருக்க வேண்டும். கைகள் மார்பின் மேல். மூக்கு கால் பெருவிரலைத் தாண்டி முன்னால் வரும்படி குனிந்து, பிறகு எழ வேண்டும். எழும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பொத்தென்று விழுந்தால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மெல்ல இறங்குவதில்தான் தொடைக்கும் பிட்டத்துக்கும் பெரிய வேலை.

எங்கே தவறுகிறது? குதிகால் தூக்கினால், ஆடுதசை (கெண்டைக்கால் தசை) குறுகியிருக்கிறது என்று பொருள். ஸ்டூலை உயர்த்துங்கள், அல்லது காலைத் தாங்கும் ஸ்ப்ளிண்டும் ஷூவும் போட்டுச் செய்யச் சொல்லுங்கள். முட்டி இரண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டால், சிலர் நடுவில் பந்து வைத்து அழுத்தச் சொல்வார்கள். அது தொடையின் உட்பக்கத் தசையை வேலை வாங்கும். ஏற்கெனவே இறுகிக் கிடப்பது அதுதான். மாறாக, முட்டிக்கு மேல் ஒரு ரப்பர் பட்டையைச் சுற்றி, அதை வெளிப்பக்கம் தள்ளியபடி எழச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாதிப்புள்ள குழந்தை நல்ல காலிலேயே முழு எடையையும் போட்டு எழுந்துவிடும். நல்ல காலை அரை அடி முன்னே வைத்தால், பின்னால் இருக்கும் பலவீனமான கால் தப்பிக்க முடியாது. மூச்சைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். சத்தமாக எண்ணச் சொன்னால் மூச்சு தானாக விடும்.

இனி எடை. முதல் 2 முதல் 4 வாரம் எடையே வேண்டாம், அசைவு படியட்டும். பிறகு, பழைய தடித்த சட்டையில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பை தையுங்கள். சலித்துக் காயவைத்த மணலை 250 கிராம் வீதம் இரட்டைக் கவரில் கட்டிப் போடுங்கள். புத்தகப் பையை முதுகில் மாட்டினால் குழந்தையைப் பின்னால் இழுக்கும், எழவே விடாது. எடை முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும். எவ்வளவு எடை? ஒழுங்காக 10 தடவை எழ முடிய வேண்டும், கடைசி இரண்டு தடவை உண்மையிலேயே சிரமப்பட வேண்டும். 20, 30 தடவை சுலபமாகச் செய்தால் அது உடற்பயிற்சிதான், பலப்பயிற்சி இல்லை. வீடுகளில் நடக்கும் பயிற்சி பெரும்பாலும் வீணாவது இந்த இடத்தில்தான்: ஆறு மாதமாக அதே எடை, அதே எண்ணிக்கை. முதலில் ஒரு சுற்று, போகப்போக மூன்று சுற்று. சுற்றுக்கு நடுவே ஒன்று முதல் மூன்று நிமிடம் ஓய்வு. 15 தடவை தடுமாறாமல் வந்துவிட்டால் அரை கிலோ கூட்டுங்கள். வாரம் 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. பலன் தெரிய 12 முதல் 16 வாரம் ஆகும். தினமும் செய்தால் சீக்கிரம் வரும் என்று நினைக்காதீர்கள். தசை வளர்வது ஓய்வு நாளில்.

இதோடு இரண்டைச் சேர்க்கலாம். அடுக்குமாடிப் படிக்கட்டு ஆரம்பத்துக்கு உயரம் அதிகம். 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகையில் பக்கவாட்டாக ஏறி இறங்குவது, இடுப்பின் பக்கத் தசைக்கு நல்லது. சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது ஆடுதசைக்கு. "ஏற்கெனவே நுனிக்காலில் நடக்கிறானே, இது எதற்கு?" என்பீர்கள். நுனிக்காலில் நடக்கும் குழந்தையின் ஆடுதசை குறுகியும் இருக்கிறது, பலவீனமாகவும் இருக்கிறது. நீட்டவும் வேண்டும், பலமேற்றவும் வேண்டும்.

சொன்னதைக் கேட்டு அதேபோல் செய்யும் வயது, ஏறத்தாழ 6 அல்லது 7 வந்த பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம். அதற்குக் கீழே விளையாட்டுதான்: கீழே கிடக்கும் பொம்மையை எடுத்து மேசைமேல் வைக்கச் சொன்னாலே உட்கார்ந்து எழுதல் நடந்துவிடும். நடக்காத குழந்தைக்குக் கையும் முதுகும் முக்கியம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது உடம்பைத் தூக்கிக் கொடுக்கும் அந்த ஒரு பலம், அம்மாவின் இடுப்பையும் காப்பாற்றும்.

தொடங்கும் முன் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். வாக்கரில் நடக்கும், அல்லது நடக்காத குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகக்கூடும், வலி இல்லாமலே. வலிப்பு அடிக்கடி வருகிறது, அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, தசை இறுக்கம் தளர போடாக்ஸ் ஊசி போட்டிருக்கிறது என்றால் மருத்துவரைக் கேட்காமல் எடை வேண்டாம். உடம்பு தானாக முறுக்கிக்கொள்ளும் வகை சி.பி.க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மறுநாள் தொடையில் ஒரு வலி இருந்து இரண்டு நாளில் போனால் அது தசை வேலை செய்த வலி. முட்டியிலோ இடுப்பிலோ குத்தினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

சென்னை வெயிலில், சித்திரை வைகாசியில், காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸோடு நிற்க வைக்காதீர்கள். வெறும் காலில், அல்லது ஷூவோடு. பயிற்சி நாளில் முட்டை, சுண்டல், பயறு ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். மெல்லுவதற்கும் விழுங்குவதற்கும் சிரமப்படும் குழந்தை எடை ஏறாமல் இருந்தால், சாப்பாட்டைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், 1985இல் தொடங்கி இப்போது கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யாசாகர் போன்ற இடங்களில் பிசியோதெரபி கிடைக்கிறது. எங்கே போனாலும் ஒரு நோட்டு கொண்டுபோங்கள். எந்தத் தசை, எத்தனை தடவை, எவ்வளவு எடை, எப்போது கூட்டுவது என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். வீட்டில் செய்த ஒவ்வொரு நாளையும் அதே நோட்டில் குறியுங்கள். காய்ச்சலோ ஊர்ப் பயணமோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட எடையிலிருந்து தொடங்காமல் பாதி எடையில் தொடங்கி, இரண்டு மூன்று அமர்வுகளில் பழைய அளவுக்கு வாருங்கள்.

நன்றி. வணக்கம்.