நேற்று என்ற சொல்லில் ஒரு குட்டி இகரம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன், அதுவும் யாரும் எழுதி வைக்காத சொல். ரஷ்ய மொழியில் நேற்று என்பதற்கு 'வ்ச்செரா', போலிஷில் 'வ்ச்சோராய்', குரோவாசியனில் 'யூச்செர்'. இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவற்றுக்குத் தாயான ஆதி ஸ்லாவிய மொழியில் இது 'விச்செரா' என்று இருந்திருக்கும் என்று கட்டியெழுப்பினார்கள். அந்த முதல் 'வி'யில் இருப்பது முழு இகரம் இல்லை, நம் குற்றியலிகரம் மாதிரி தேய்ந்த ஒலி. பிறகு அது காணாமலே போனதால்தான் ரஷ்ய மொழியில் வ்-உம் ச்-உம் ஒட்டிக்கொண்டு நம் நாக்கின் பிராணனை வாங்குகின்றன.

பொருளில் பெரிய சண்டை இல்லை. 'வெச்செர்' என்றால் மாலை. அதன் பழைய மூன்றாம் வேற்றுமை வடிவம், 'மாலையில்' என்ற பொருளில் நின்று, 'நேற்று மாலை' ஆகி, கடைசியில் மாலையையும் உதிர்த்துவிட்டு வெறும் 'நேற்று' ஆகியிருக்கிறது. ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1829இல் எழுதிய ஒரு கவிதையின் இரண்டாவது பத்தி 'வெச்சோர்' என்றே தொடங்கும். அங்கே அதற்கு நேற்று மாலை என்றுதான் பொருள்.

சரி, தகராறு எங்கே? மாலைக்கான 'வெச்செர்' சொல்லில் முழு எகரம், நேற்றுக்கான 'விச்செரா'வில் தேய்ந்த இகரம். ஏன்? ஆதியிலேயே வேர்ச்சொல்லுக்கு வலுத்த வடிவம், மெலிந்த வடிவம் என்று இரண்டு இருந்தன என்பது ஒரு கட்சி. ஆனால் அப்படி மெலிந்தால் வகரம்தான் உகரமாகியிருக்க வேண்டும், இகரம் எப்படி வந்தது என்று கேட்டால் அவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். இன்னொரு கட்சி, தினமும் வாயில் புழங்கித் தேய்ந்துபோன சொல் இது என்கிறது. எகரம் உள்ள மற்ற புழக்கச் சொற்கள் ஏன் தேயவில்லை என்று இவர்களையும் மடக்கலாம்.

நான் இரண்டாவது கட்சி. எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய ஸ்லாவிய மொழியான பழைய சர்ச் ஸ்லாவியத்தில் 'சொல்கிறேன்' என்பதில் 'ரெ' வரும், 'சொல்லு!' என்று ஏவும்போது அதே இடத்தில் தேய்ந்த 'ரி' வரும்; ஆக, வாயில் புழங்கும் சொல்லில் எகரம் தேய்வது நடக்கக்கூடியதுதான். அப்புறம் ஸ்லாவிய மொழிகளுக்கு அக்காள் முறையான லிதுவேனிய மொழியைப் பாருங்கள்: மாலை 'வாக்கரஸ்', நேற்று 'வாக்கர்', முதல் உயிரெழுத்து அசையவே இல்லை. அக்காள் வீட்டில் இல்லாத கோளாறு தங்கை வீட்டில் மட்டும் இருந்தால், அதை இருவருக்கும் பொதுவான பாட்டிமொழியின் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

லத்தீனில் மாலைக்கு 'வெஸ்பெர்', அங்கே 'ஸ்ப்' இருக்கும் இடத்தில் லிதுவேனியனில் 'க்' வந்து உட்கார்ந்தது எப்படி என்று யாராவது கேட்கப்போகிறீர்கள், தெரியும். அது இதைவிடப் பெரிய சண்டை. தேநீருக்கு அப்புறம் வைத்துக்கொள்வோம்.