கிளாமி என்றால் வெறும் ஈரமா?

வணக்கம் நேயர்களே. சில வருடங்களுக்கு முன் முதலுதவிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ரத்த ஓட்டம் குறைந்து அதிர்ச்சிநிலைக்கு (ஷாக்) போகிறவரின் தோல் 'கோல்ட் அண்ட் கிளாமி' என்று ஒரு வரி வந்தது. அகராதியைப் பார்த்து 'குளிர்ந்த, ஈரமான தோல்' என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த செவிலியர், "குளிச்சிட்டு வந்தவங்க தோலும் அப்படித்தானே சார் இருக்கும்?" என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. உடம்பில் சூடு இல்லை, ஆனாலும் வேர்த்திருக்கிறது. நெற்றியைத் தொட்டால் சில்லென்று விரலில் ஒட்டுகிறது. அதுதான் கிளாமி. 'சில்லிட்டுப் பிசுபிசுவென்று வேர்த்த தோல்' என்று திருத்தினேன். பயத்தில் வேர்க்கும் உள்ளங்கைக்கும் இதே சொல்தான். களிமண்ணைக் குறிக்கும் கிளே என்ற சொல்லுக்கு இது உறவு; அப்புவது, பூசுவது என்ற பழைய பொருள் இதன் அடியில் இருக்கிறது.

ஈரம் எதில் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆங்கிலத்தில் சொல் எடுக்க வேண்டும். டீயில் தோய்த்த பிஸ்கட் வாய்க்கு வருவதற்குள் ஒடிந்து விழுமே, அந்தச் சொதசொதப்பு சாகி. பெயின்ட் முழுசாகக் காயாமல் விரலை லேசாக இழுத்தால் டாக்கி. காய்ந்தும் காயாமலும் இருக்கிற துணி, ஓதமேறிய சுவர் இரண்டும் டாம்ப். இந்தச் சொல்லுக்கு முதலில் ஈரம் என்ற பொருளே கிடையாது. ஆவி, நச்சுக்காற்று என்றுதான் பொருள். நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடிக்கும் வாயுவை ஃபயர்டாம்ப் என்றார்கள். ஹம்ப்ரி டேவி 1815-ல் பாதுகாப்பு விளக்கை உருவாக்கியது அதற்குப் பயந்துதான். வெயிலே படாமல் பூஞ்சை வாடை அடிக்கும் நிலவறைக்கு டாங்க் என்று தனிச்சொல் உண்டு. அதைச் சொல்லும்போதே முகம் சுளிக்கும்.

லேசான ஈரப்பதத்தைச் சொல்லும் மாயிஸ்ட் என்ற சொல்லின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தச் சொல்லைக் காதால் கேட்கவே கூசுகிறவர்கள் ஆங்கிலம் பேசுகிறவர்களிடையே நிறைய. அமெரிக்க உளவியலாளர் பால் திபோடோ 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒருவர் வரை அப்படி இருந்தார்கள். ஒலி பிடிக்கவில்லை என்பதுதான் பலர் சொன்ன காரணம். ஆனால் அதே ஒலியுள்ள ஃபாய்ஸ்ட் என்ற வேறொரு சொல் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. உடம்பில் சுரக்கும் ஈரங்களை நினைவூட்டுவதுதான் சிக்கல். இருந்தாலும் வறண்டு உதிராமல் மெத்தென்று இருக்கும் கேக்கைப் பாராட்ட அவர்களுக்கும் இந்தச் சொல்தான் கைகொடுக்கிறது. அந்தக் கேக்கைப் போய் டாம்ப் என்று சொல்லிவிடாதீர்கள், செய்தவர் மனம் நொந்துபோவார். நன்றி, வணக்கம்.