அம்மா அப்பாவுக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்கும் முன் கிளினிக் கொப்பியை எடுங்கள்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டப் போவதில்லை, வீட்டில் மேசைக்கு முன்னால் இருந்துதான் கதைக்கப் போகிறேன். விஷயம், அறுபது தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி எடுப்பது. கனடாவில் இருக்கும் மச்சான், "அம்மாவுக்கு ஒரு நல்ல பொலிசி பார்த்துச் சொல்லு, காசை நான் கட்டுறன்" என்று கேட்டார். அதனால் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் அவருடைய அம்மா, அதாவது என் மாமிக்காக ஒரு கொம்பனியின் திட்டத்தை வரிக்கு வரி வாசித்தேன். மாமிக்கு 66 வயது. சீனி, பிரஷர் இரண்டுக்கும் மாதா மாதம் கிளினிக் போகிறார். வலது கண்ணில் புரை தொடங்கிவிட்டது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, நான் பார்த்ததெல்லாம் இந்த உடம்புக்கு இந்தத் திட்டம் பொருந்துமா என்றுதான்.

கொம்பனியின் பெயரைச் சொல்லவில்லை. அதே திட்டம் 58 வயதில் நோயில்லாத ஒருவருக்கு நல்லதாக இருக்கலாம், மாமிக்கு வீணாக இருக்கலாம். பெயரைச் சொன்னால் நீங்கள் பெயரைத்தான் எடுத்துக்கொண்டு போவீர்கள், கேட்க வேண்டிய கேள்விகள் விடுபட்டுப் போகும்.

சரி, தொடங்குவோம். நம் இலங்கையில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்று வீட்டில் யாரையாவது ஏற்றினால் வண்டி எங்கே போகும்? பெரியாஸ்பத்திரிக்குத்தான், அதாவது யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு. புற்றுநோய் என்றால் தெல்லிப்பழை. வடமராட்சி ஆட்களுக்கு மந்திகை. ஆக, காசு கட்டி வாங்கும் காப்புறுதி இதற்கு மேல் வருகிற ஒன்று. அரச வைத்தியசாலையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கேதான் அது நமக்கு உதவ வேண்டும். கண்புரை, முழங்கால் மாற்று மாதிரியான சத்திரசிகிச்சைகளுக்கு நாள் கிடைக்கும்வரை காத்திருப்பது ஓர் இடைவெளி. ஸ்கானுக்குத் திகதி கிடைக்காமல் வெளியே எடுப்பது இன்னொன்று. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, துண்டில் எழுதித் தந்து வெளியே வாங்கச் சொன்ன காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த இடைவெளிகளில் எதை இந்தத் திட்டம் அடைக்கிறது என்று கேட்டுக்கொண்டே வாசித்தால் விளம்பரத் தாளில் பாதி தேவையில்லாமல் போய்விடும்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அம்மாவோ அப்பாவோ அரச ஓய்வூதியக்காரரா? நம் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதியர், எழுதுவினைஞர்கள் எத்தனை பேர்! தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அரச ஊழியர்களுக்கு நடத்தும் அக்ரஹார மருத்துவக் காப்புறுதித் திட்டம், ஓய்வுபெற்றவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஓய்வூதியத்தில் இருந்து மாதம் ஒரு தொகை கழிபடும். வீட்டில் அந்தக் கழிவு நடக்கிறதா என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. ஓய்வூதியச் சிட்டையைப் பாருங்கள், விளங்காவிட்டால் பிரதேச செயலகத்தில் ஓய்வூதியப் பிரிவில் கேளுங்கள். இருப்பதை முதலில் அறிந்துவிட்டு இல்லாததற்குக் காசு கட்டலாம். மாமிக்கு ஓய்வூதியம் இல்லை, அதனால் அந்த வழி எங்களுக்கு இருக்கவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஏற்கெனவே இருக்கும் நோய்.

காப்புறுதிக் கொம்பனி சீனி வருத்தக்காரரை மூன்று விதமாக நடத்தும். எடுக்கவே மாட்டோம் என்று சொல்லலாம். பிரீமியத்தை, அதாவது நாம் கட்டும் தவணைக் காசை, கூட்டி எடுக்கலாம். அல்லது எடுத்துவிட்டு, அந்த நோய்க்கு மட்டும் பணம் தர மாட்டோம் என்று விலக்கு எழுதலாம். மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். "நீரிழிவுக்கு விலக்கு" என்றால் கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. சீனிக்காக யாரும் சத்திரசிகிச்சை செய்வதில்லை, குளிசைதான் போடுகிறார்கள் என்று நினைப்போம். ஆனால் நான் வாசித்த பொலிசியில் அந்த வரி "நீரிழிவும் அதனோடு தொடர்புடைய சிக்கல்களும்" என்று முடிந்தது. சீனி கூடினால் என்னென்ன வரும் என்று கிளினிக்கில் சுவரில் ஒட்டியே இருக்கும். சிறுநீரகம், கண்ணின் விழித்திரை, ஆறாத கால் புண், இதயம். வயதான ஒருவர் வைத்தியசாலையில் கிடப்பதற்கான காரணங்களில் பெரும்பகுதியை "சிக்கல்களும்" என்ற அந்தக் கடைசிச் சொல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஆகவே நான் ஏஜென்ட் தம்பியிடம் கேட்டது ஒரே கேள்வி. "மாமிக்கு இதயக் குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தால், சீனி இருந்ததைக் காரணம் காட்டி மறுப்பீர்களா?" அவர் "இல்லை அக்கா, தருவினம்" என்றார். நான் அதை எழுத்தில் கேட்டேன். தலைமை அலுவலகத்துக்கு எழுதி, பதிலை மின்னஞ்சலில் எடுத்துத் தந்தார். பதில் அவர் வாயால் சொன்னதைவிடக் கட்டுப்பாடாக இருந்தது: முதல் இரண்டு வருடங்களுக்குப் பணம் இல்லை, அதன் பிறகு உண்டு. இது மோசமான பதில் இல்லை. தெரிந்துகொண்டு வாங்குவது ஒன்று, அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தெரிந்துகொள்வது இன்னொன்று.

வேறொரு இடத்தில் கேட்டபோது இன்னோர் ஏஜென்ட், "சீனி இருக்கெண்டு போமில போடாதேங்கோ, மெடிக்கல் இல்லாமலே எடுக்கலாம்" என்று சொன்னார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். காப்புறுதி என்பது நோயை மறைக்காமல் சொல்வதன் மேல் நிற்கும் ஒப்பந்தம். பணம் கேட்கும் நாளில் கொம்பனி முதலில் பார்ப்பது வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியசாலை நோய் விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டைத்தான். நோயாளியை வார்டில் ஏற்கும்போது டொக்டர் முதல் வரியிலேயே "10 வருடமாக நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம்" என்று எழுதிவிடுவார், அது அவருடைய கடமை. அந்த ஒரு வரி போதும், கட்டிய காசெல்லாம் போய்விடும். நோயை மறைக்கச் சொன்னவர் அன்றைக்கு உங்களோடு நிற்க மாட்டார். கையெழுத்து மாமியுடையது. போமை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, கிளினிக்கில் நோயும் மருந்தும் எழுதித் தரும் கொப்பியைப் பக்கத்தில் வைத்து, அவர் போடும் குளிசை எல்லாவற்றையும் எழுதினோம். நிரப்பிய போமின் பிரதி ஒன்று எங்களிடம் இருக்கிறது.

அடுத்தது கண். வயதானவர்கள் செய்யும் சத்திரசிகிச்சைகளில் கண்புரை மிகச் சாதாரணமானது, காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் பல பொலிசிகளில் 24 மணி நேரம் வைத்தியசாலையில் தங்கினால்தான் பணம் என்று இருக்கிறது. அப்படியென்றால் கண்புரைக்கு என்ன? சில திட்டங்கள் ஒரு நாள் சத்திரசிகிச்சைகளைத் தனிப் பட்டியலாகப் போட்டு ஏற்கின்றன. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் கண்புரை இருந்தால் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள்: பொலிசி எடுத்து எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், உள்ளே வைக்கும் லென்சின் விலையும் சேருமா. லென்சை விட்டுவிட்டால் பில்லில் நல்ல ஒரு பங்கு நம் கையில்தான் வரும். கிளினிக்குக்கு வாங்கும் மருந்து, டொக்டரைச் சனல் பண்ணும் (தனியாரில் பதிந்து காட்டும்) காசு, இரத்தப் பரிசோதனை எல்லாம் சாதாரணமாக இதற்குள் வராது. வயதானவர்களுக்கு மாதா மாதம் கரையும் காசு அதுதான் என்பதால் இதைச் சொல்கிறேன். காப்புறுதி எடுத்ததும் அந்தச் செலவு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்து இலட்சம் என்று போட்டிருந்தால், அது வருடத்துக்கா, பொலிசியின் ஆயுள் முழுவதற்குமா, ஒரு தடவை வைத்தியசாலையில் கிடப்பதற்கு எவ்வளவு, அறைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். சில இடங்களில் அறை வாடகை வரம்பைத் தாண்டினால் மற்றச் செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

தொகையைவிட வயது எனக்குப் பெரிய விஷயம். எத்தனை வயதுவரை சேரலாம் என்பதைப் பெருமையாகப் போடுவார்கள். எத்தனை வயதில் நின்றுவிடும் என்பதை உள்ளே தேட வேண்டும். ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். 66 வயதில் சேருகிறார், 70-இல் முடிகிறது, வருடம் 90,000 ரூபா. நான்கு வருடத்தில் 360,000 ரூபா. அதில் முதல் இரண்டு வருடம் அவருக்கு வரக்கூடிய நோய்களுக்கே பணம் இல்லை. மிச்சம் இரண்டு வருடப் பாதுகாப்புக்கு மூன்றரை இலட்சத்துக்கு மேல். அவருக்கு உண்மையாகவே தேவைப்படும் 72, 75 வயதில் கையில் ஒன்றும் இருக்காது. இப்படி வந்தால் அந்தக் காசை வங்கியில் நிலையான வைப்பில் அவர் பெயருக்குப் போட்டு வைப்பதுதான் நல்லது என்று நான் மச்சானிடம் நேராகவே சொன்னேன். பிரீமியம் ஒவ்வொரு வருடமும் மாறுமா, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூடுமா என்பதையும் கேளுங்கள். ஆயுள் காப்புறுதியோடு ஒட்டித் தரும் மருத்துவ நன்மையாக இருந்தால், தாய்ப் பொலிசி முதிர்ச்சியடையும் நாளில் அதுவும் சேர்ந்து முடியுமா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

வைத்தியசாலைக்கு வருவோம். கொம்பனியின் பட்டியலில் கொழும்பு வைத்தியசாலைகள் நிரம்ப இருக்கும். இங்கிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர். 70 வயதுக்காரரை ஏ9 வீதியால் கொண்டுபோய், கூட நிற்கும் ஆளுக்கு அறை எடுத்து, சாப்பாடு பார்த்து... அந்தச் செலவைப் பொலிசி தராது. யாழ்ப்பாணத்தில் எந்தத் தனியார் வைத்தியசாலையில் காசு கட்டாமல் சேரலாம் என்று கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல், அந்த வைத்தியசாலைக்கு நேரே போய் பில் கட்டும் இடத்தில் இருப்பவரிடம் கதையுங்கள். பில்லைத் தாங்கள் கட்டுவதாகச் சொல்லும் கடிதத்தை எந்தக் கொம்பனி உடனே அனுப்பும், எந்தக் கொம்பனிக்காக வீட்டுக்குப் போக வேண்டிய நோயாளி பின்னேரம்வரை கதிரையில் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு எல்லா விளம்பரத் தாளையும்விட அந்தப் பத்து நிமிடக் கதைதான் உதவியது.

அரச வைத்தியசாலையில் கிடந்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று காசு தரும் திட்டங்களும் இருக்கின்றன. நம் ஊருக்கு இது மிகவும் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். பெரியாஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் கூட நிற்பவர் வேலைக்குப் போக முடியாது, ஓட்டோ, சாப்பாடு, வெளியே வாங்கும் மருந்து என்று கரையும். அந்தச் சின்னத் தொகை அந்த வீட்டுக்குப் பெரிய ஆறுதல்.

வெளிநாட்டில் இருந்து காசு கட்டும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. பொலிசியில் உங்கள் கனடா நம்பரை மட்டும் கொடுத்தால் புதுப்பிக்கச் சொல்லி வரும் தகவல் இங்கே யாருக்கும் தெரியாது, ஒரு தவணை தவறிப் பொலிசி செத்துவிடும். மறுபடி எடுக்கும்போது காத்திருக்கும் காலம் முதலில் இருந்து தொடங்கும். உள்ளூரில் ஒருவரின் நம்பரும் கொடுங்கள், காப்புறுதி அட்டை எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். அப்புறம், பெற்றோரை நீண்ட நாள் தங்கக் கனடாவுக்கு சுப்பர் விசாவில் கூப்பிடும்போது கேட்கும் காப்புறுதி வேறு. அதற்குக் குறைந்தது 100,000 கனேடிய டொலருக்கு, ஒரு வருடத்துக்கான காப்பு வேண்டும். இங்கே எடுக்கும் இந்த மாதிரிப் பொலிசி அதற்கு உதவாது.

கொம்பனி உறுதியானதா என்று பார்க்க, இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அனுமதி பெற்ற கொம்பனிகளின் பட்டியல் இருக்கிறது. கொம்பனியிடம் போதிய மூலதனம் இருக்கிறதா என்று காட்டும் மூலதனப் போதுமை விகிதம் 120 வீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி, கொம்பனிகளின் நிதி அறிக்கையில் அதைப் பார்க்கலாம். பணம் தர மறுத்தால் முதலில் கொம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அங்கே முறையிடக் காசு தேவையில்லை. பெரிய இதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று மாதிரிச் செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்திலும் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம், காப்புறுதி இல்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் மாமிக்கு என்ன செய்தோம்? பெரிய தொகைத் திட்டத்தை விட்டுவிட்டோம். அதே கொம்பனியில் தொகை குறைந்த, ஆனால் 75 வயதுவரை புதுப்பிக்கக்கூடிய ஒன்றை எடுத்தோம். ஒரு நாள் சத்திரசிகிச்சைப் பட்டியல் அதில் இருக்கிறது, அரச வைத்தியசாலையில் கிடந்தாலும் நாளாந்தக் காசு உண்டு. கண்புரைக்கு ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்பதால் வலது கண்ணை அதற்காகக் காத்து வைக்காமல் பெரியாஸ்பத்திரியிலேயே பதிந்துவிட்டோம். மிச்சப்பட்ட பிரீமியக் காசை மச்சான் மாமியின் கணக்குக்கு அனுப்புகிறார்.

பொலிசி வீட்டுக்கு வந்ததும் அட்டவணைப் பக்கத்தை மட்டுமாவது உட்கார்ந்து வாசியுங்கள். பெயர், பிறந்த திகதி, நீங்கள் எழுதிக் கொடுத்த நோய்கள், விலக்குகள் எல்லாம் பேசியபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். பேசாத விலக்கு ஒன்று புதிதாக இருந்தால், வாசித்துப் பார்த்து முடிவெடுக்கப் பொலிசியிலேயே போட்டிருக்கும் மீளாய்வு நாட்களுக்குள் எழுத்தில் திருப்பி அனுப்பிக் கட்டிய காசைக் கேளுங்கள். நாள் எண்ணத் தொடங்குவது பொலிசி உங்கள் கைக்குக் கிடைத்த திகதியில் இருந்து என்றால், கடித உறையையும் எறிய வேண்டாம்.