சுவரொட்டியில் இல்லாதவன்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். போதையையும் திக்கற்ற இளைஞர்களையும் பிரிட்டிஷ் திரைப்படங்கள் காட்டும் விதம் எச்சரிக்கையா, கவர்ச்சியா என்பது தலைப்பு. எச்சரிக்கையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர் ஒரு கேள்வியை வீசி, கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் அமர்ந்திருக்கிறார். "1996இல் டேனி பாயில் இயக்கிய ட்ரெயின்ஸ்பாட்டிங் படத்தின் சுவரொட்டியைப் பிரிட்டிஷ் மாணவர்கள் தங்கள் படுக்கையறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். எச்சரிக்கைப் பலகையை யாராவது படுக்கையறையில் மாட்டுவார்களா?" என்று கேட்டார். நான் எழுதி வந்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன், நடுவர் அவர்களே. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னால் ஓரடி நகர முடியாது.

மாட்டினார்கள், சகோதரரே. 1980களின் நடுவில் பிரிட்டிஷ் அரசு ஹெராயின் என்ற போதைப்பொருளுக்கு எதிராக ஊரெங்கும் விளம்பரம் செய்தது. கன்னம் ஒட்டி, கண்ணடியில் கருவளையம் விழுந்த ஓர் இளைஞனின் முகமும், ஹெராயின் உன்னைச் சீரழித்துவிடும் என்ற வாசகமும் அந்தச் சுவரொட்டியில் இருந்தன. அந்த முகத்தின் சோகத்தில் மயங்கிய இளம்பெண்கள் அதை எடுத்துப்போய்த் தங்கள் அறைகளில் மாட்டிக்கொண்டார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. அரசாங்கமே எழுதி ஒட்டிய எச்சரிக்கைக்கு இந்தக் கதி என்றால், எந்தச் சுவரில் எது ஒட்டப்பட்டது என்பதை வைத்து ஒரு படத்தின் மனத்தை எப்படி அளப்பது?

சகோதரர் சுவரொட்டியைப் பார்த்தார். அதில் யார் இல்லை என்பதைப் பார்க்கவில்லை. ஹெராயினுக்கு அடிமையான நாயகன் ரெண்டன் நனைந்த சட்டையோடு நிற்கிறான், அவன் கூட்டாளிகளில் ஸ்பட் இருக்கிறான், சிக் பாய் இருக்கிறான், பெக்பி இருக்கிறான், டயான் இருக்கிறாள். டாமி இல்லை. அந்த டாமியின் கதையை இந்த அவையில் நான் சொல்லியாக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் அந்தக் கூட்டாளிகளுக்குள் போதையைத் தொடாதவர்களில் அவன் ஒருவன். பொய் சொல்லத் தெரியாதவன், உடற்பயிற்சி செய்பவன், லிஸி என்ற பெண்ணை உயிராக நேசித்தவன். நண்பர்களை ரயிலேற்றி, மனித நடமாட்டமே இல்லாத காரூர் நிலையத்தில் இறக்கி, எதிரே நின்ற மலையைக் காட்டி, ஏறலாம் வாருங்கள் என்று கூப்பிட்டவனும் அவனே. ஒருவனும் ஏறவில்லை. ரெண்டனோ ஸ்காட்லாந்தில் பிறந்ததையே சபித்துத் தீர்க்கிறான். அந்த மலையடிவாரக் காட்சி ஒன்று போதும், திக்கற்ற தலைமுறை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள. மலை அங்கேயே நிற்கிறது, காற்று வீசுகிறது, வயதும் உடம்பும் இருக்கின்றன, ஏறுவதற்கு ஒரு காரணம் மட்டும் அவர்களிடம் இல்லை.

டாமியும் லிஸியும் தனிமையில் எடுத்த ஒளிநாடாவை ரெண்டன் எடுத்துப் போய்விடுகிறான். நாடா காணாமற் போனதில் தொடங்கிய சண்டையில் லிஸி பிரிகிறாள். உடைந்துபோன டாமி, தன் வாழ்க்கையை உடைத்தவன் இவன்தான் என்று தெரியாமலே ரெண்டனிடம் வந்து, பணத்தை வைத்து, எனக்கும் ஒரு முறை கொடு என்று கேட்கிறான். ரெண்டன் கொடுக்கிறான். எந்த வில்லனும் அவனைத் துரத்திப் பிடித்து ஊசி ஏற்றவில்லை. நண்பன் கையிலிருந்துதான் வாங்கினான்.

இனி அந்தப் பூனைக்குட்டிக்கு வருகிறேன். லிஸியின் மனத்தைத் திருப்பலாம் என்ற ஆசையில் டாமி ஒரு பூனைக்குட்டி வாங்கிப் போகிறான். அவள் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறாள். குட்டி அவன் அறையிலேயே தங்கிவிடுகிறது. அதற்குள் அவனுக்கு எச்.ஐ.வி. தொற்றிவிட்டது. அவன் வீட்டுக் கதவில் அக்கம்பக்கத்தார் வசைகளைக் கிறுக்கிவிட்டார்கள். கவனிப்பாரற்ற குட்டியின் கழிவிலிருந்த கிருமி, எதிர்ப்புச் சக்தி இழந்த அவன் மூளைக்குப் போய்விடுகிறது. செத்துக் கிடந்தவனைப் பற்றி, நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டார் புகார் சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிகிறது. இத்தனையையும் இறுதிச் சடங்கு முடிந்ததும் ஒரு நண்பன் சொல்கிறான், சொல்லி முடிக்கையில், பூனைக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறான்.

பூனைக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை! அன்பாக வாங்கிய குட்டி, காதலி திருப்பி அனுப்பிய குட்டி, அவனோடு கடைசிவரை இருந்த ஒரே உயிர், அவன் சாவுக்கும் காரணமாகிப் பிழைத்து நிற்கிறது. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் எந்தப் பிள்ளைக்கு, சகோதரரே, ஹெராயின் கவர்ச்சியாகத் தோன்றும்?

இது கற்பனைச் சாவு என்று தள்ளிவிட முடியாது. 1980களின் தொடக்கத்தில் எடின்பரோவில் புதிய ஊசி கிடைப்பதே அரிதாகி, கையில் இருந்ததைக் காவலர்கள் பறிமுதல் செய்ய, ஒரே ஊசி பல கைகளில் மாறியது. மியூர்ஹவுஸ் பகுதி மருத்துவர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 164 ஹெராயின் பயனாளர்களில் 51 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இருவரில் ஒருவர் டாமி.

படத்தின் தொடக்கத்தில் ஓட்டமும் பாட்டும் இன்பமும் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. இன்பமே இல்லை என்று ஒரு படம் சொன்னால், ஒரு முறை தொட்டுப் பார்த்தவன் அது பொய் என்று அறிவான், பிறகு சாவைப் பற்றி அந்தப் படம் சொல்வதையும் நம்பமாட்டான். கிளாஸ்கோவில் போதையிலிருந்து மீண்டவர்கள் சேர்ந்து நடத்திய கால்டன் அத்லெட்டிக் என்ற அமைப்பினர்தான் இந்தப் படத்துக்கு ஆலோசனை சொன்னார்கள். முதற்காட்சியில் வரும் கால்பந்தாட்டத்தில் எதிரணியாக நிற்பவர்களும் அவர்களே. அமெரிக்க அதிபர் வேட்பாளர் பாப் டோல் அதே ஆண்டில் இந்தப் படத்தைக் கண்டித்தார். தான் அதைப் பார்க்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார். மீண்டு வந்தவர்களின் சான்றை ஏற்பதா, பார்க்காதவரின் தீர்ப்பை ஏற்பதா என்பதை நடுவர் முடிவு செய்யட்டும்.

இதற்கு மேல் வாதாட எனக்கு மனமில்லை. ஒரு தாயைப் பற்றியும் ஒரு மகனைப் பற்றியும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

கேரி ஓல்ட்மன் 1997இல் இயக்கிய நில் பை மவுத் என்ற படம் தென்கிழக்கு லண்டனில் நடக்கிறது. அதில் ஜேனட் என்ற தாயாக நடித்திருப்பவர் இயக்குநரின் உடன்பிறந்த சகோதரி. மகன் பில்லி ஹெராயினுக்கு அடிமை. அவன் தவிப்பைக் காணச் சகிக்காமல் தாயே பணம் கொடுக்கிறாள், அவள் வண்டியிலேயே உட்கார்ந்து அவன் ஊசி ஏற்றுகிறான், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து மாதம் சுமந்த உடம்பில் அந்த ஊசி இறங்குவதை ஒரு தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஐயா! பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று நம் பாட்டிகள் சொன்னது லண்டன் தெருவுக்கும் பொருந்துகிறது.

2002இல் வந்த கென் லோச்சின் ஸ்வீட் சிக்ஸ்டீன் படத்தில் இந்தப் பழமொழி தலைகீழாகிறது. ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரையில் கிரீனக் நகரம். தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய ஊர், கப்பல் தளங்கள் மூடிய பிறகு பிள்ளைகளுக்கு வேலை இல்லாத ஊர். லியாம் என்ற பதினைந்து வயதுப் பையனின் தாய், தன் காதலன் செய்த குற்றத்துக்காகச் சிறையில் இருக்கிறாள். சிறைக்குள் அவளிடம் போதைப்பொருளைக் கடத்திக் கொடுக்க மறுத்ததற்காக அடிபட்ட பிள்ளை அவன். அதே பிள்ளை, தாய் விடுதலையாகி வரும்போது அந்தக் காதலன் நிழல் படாமல் வாழ நதியைப் பார்த்தபடி ஒரு சிறு வண்டிவீடு வாங்கித் தர வேண்டுமென்று, ஹெராயின் விற்கத் தொடங்குகிறான். வண்டிவீடு எரிந்துபோகிறது. வேறு வீடு தேடி வைக்கிறான். தாய் வருகிறாள், கொண்டாடுகிறார்கள், மறுநாள் அவள் அந்தக் காதலனிடமே போய்விடுகிறாள். ஓடிப்போய் அழைத்த மகன் ஆத்திரத்தில் அவனைக் கத்தியால் குத்திவிடுகிறான்.

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று நாம் பிள்ளைகளை வாழ்த்துகிறோம். லியாமின் பதினாறாவது பிறந்தநாளன்று, அவன் கடற்கரையில் தனியாக நிற்கிறான். அக்காள் கைபேசியில் அழைத்து, காவலர்கள் உன்னைத் தேடுகிறார்கள் என்கிறாள். இன்று உனக்குப் பிறந்தநாள் என்றும் சொல்கிறாள்.