நாப்பது சுற்றும் ஒரே முதுகு

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். சபைக்குப் பெரிய வணக்கம். பத்து நிமிஷம்தான் குடுத்திருக்கீங்க, மிச்ச மரியாதையைக் கடனா வெச்சுக்குங்க.

தலைப்பு என்னன்னா, நவீன ரேஸ் ட்ராக்குகளோட வடிவமைப்பு மோட்டார் பந்தயத்தோட சுவையைக் கூட்டுதா, குறைக்குதா? குறைக்குதுன்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி போற போக்குல ஒரு குத்து குத்திட்டுப் போனாரு. "பழைய ட்ராக்தான் நல்லா இருந்துச்சுன்னு சொல்றவங்க எல்லாம், எவன் சாவான்னு பார்க்க டிக்கெட் எடுக்கறவங்க." நீங்களும் கை தட்டினீங்க. தம்பி, தண்ணி குடிச்சுட்டு உக்காருங்க, உங்ககிட்ட வர்றேன். அதுக்கு முன்னாடி அபுதாபி வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்.

2010, நவம்பர். யாஸ் மரீனா ட்ராக். கட்டி ஒரு வருஷம்தான் ஆச்சு. ஹெர்மன் டில்கேன்னு ஒரு ஜெர்மன் இன்ஜினியர் வரைஞ்சது. 5.554 கிலோமீட்டர். ட்ராக்குக்கு மேல ஹோட்டல், டயர் மாத்தற பிட்டுல இருந்து வெளிய வர சுரங்கப்பாதை, ராத்திரியைப் பகலாக்கற விளக்கு. கல்யாண மண்டபம் மாதிரி எல்லாம் இருக்கு. சாப்பாடு மட்டும் இல்லை.

ஃபார்முலா ஒன்ல அந்த வருஷத்தோட கடைசி பந்தயம். பட்டத்துக்கு நின்னவங்கள்ல ஃபெராரி ஓட்டற அலான்சோ 246 புள்ளி, வெப்பர் 238, வெட்டல் 231. வெட்டலே ஜெயிச்சாலும் அலான்சோ நாலாவதா வந்தாப் போதும், பட்டம் அவருக்கு. நாலாவதுங்க! ஃபெராரி காரை வெச்சுக்கிட்டு நாலாவது வர்றது ஒரு வேலையா?

முதல் சுற்றுலயே ஷூமாக்கர் கார் சுழண்டு நின்னுது, லியூட்ஸி வந்து மேல ஏறிட்டாரு. எல்லாரையும் வரிசையா மெதுவா ஓட வெக்கற சேஃப்டி கார் வந்துச்சு. அந்த இடைவெளில ரோஸ்பெர்க்கும் பெட்ரோவும் பிட்டுக்குள்ள போயி டயர் மாத்திக்கிட்டு, சத்தமில்லாம வரிசைல வந்து சேர்ந்துட்டாங்க. 11-ஆவது சுற்றுல வெப்பர் டயர் மாத்தினாரு. ஃபெராரிக்காரங்களுக்கு வெப்பர் மேலதான் கண்ணு. அவரை மடக்கணும்னு 15-ஆவது சுற்றுல அலான்சோவை உள்ள கூப்பிட்டாங்க. டயர் மாத்தியாச்சு, வெப்பரை மடக்கியாச்சு, கணக்கு சரி. சுரங்கப்பாதையைத் தாண்டி வெளிய வந்து நிமிர்ந்து பார்த்தா முன்னால விட்டாலி பெட்ரோவ்.

பொள்ளாச்சி ரோட்டுல தேங்காய் மட்டை ஏத்தின லாரிக்குப் பின்னால மாட்டியிருக்கீங்களா? இண்டிகேட்டர் போடறீங்க, ஹாரன் அடிக்கறீங்க, எட்டிப் பார்க்கறீங்க, எதிர்ல பஸ்ஸு, மறுபடி பின்னால வந்துடறீங்க. கிணத்துக்கடவு தாண்டறதுக்குள்ள அந்த லாரிக்குப் பின்னால எழுதியிருக்கற திருக்குறள் மனப்பாடம் ஆயிடும். அலான்சோவுக்கு அதுதான் நடந்துச்சு. எத்தனை சுற்று தெரியுங்களா? நாப்பது! ரெண்டு தடவை உலகப் பட்டம் வாங்கின மனுஷன், அந்த வருஷம்தான் ஃபார்முலா ஒன்னுக்குள்ள வந்த பையனோட முதுகை நாப்பது சுற்று பார்த்துக்கிட்டே போனாரு.

கதை முடியலைங்க. பெட்ரோவ் பக்கத்துல இருந்து பாருங்க. அடுத்த வருஷம் சீட்டு கிடைக்குமா கிடைக்காதான்னு தெரியாத பையன். கண்ணாடில பார்த்தா ஃபெராரி. ஒரு சுற்று இல்லை ரெண்டு சுற்று இல்லை, நாப்பது சுற்றும் அதே செவப்பு. அவன் வழி விடுவானா? ஒரு தப்பும் பண்ணலை. அலான்சோவுக்குப் பின்னால வெப்பர். அவரும் பட்டத்துக்கு நிக்கறவருதான். அவரு அலான்சோவோட முதுகைப் பார்த்துக்கிட்டே வர்றாரு! பட்டத்துக்கு நின்ன ரெண்டு பேரு, ஒரு தேங்காய் மட்டை லாரி. முன்னாடி வெட்டல் தன் பாட்டுக்குப் போயி ஜெயிச்சாச்சு. கொடி விழுந்த பிறகும் அவரோட இன்ஜினியர் "பொறு"ன்னுட்டு, பின்னால வர்றவங்க ஒவ்வொருத்தரா கோட்டைத் தாண்டின பிறகுதான் சாம்பியன்னு சொன்னாங்க. அலான்சோ ஏழாவது. 256-க்கு 252. நாலு புள்ளில பட்டம் போச்சு. பந்தயம் முடிஞ்சு மெதுவா ஓட்டிக்கிட்டுத் திரும்பற சுற்றுல அலான்சோ பெட்ரோவைப் பார்த்துக் கையை ஆட்டினாரு பாருங்க. டாட்டா இல்லைங்க அது.

சரி, ஏன் தாண்ட முடியலை? ஃபெராரி மெதுவான காரா? இல்லை. இங்கதான் ட்ராக் வருது. ஒரு காரைத் தாண்டணும்னா, நீளமான நேர்ரோடு ஆரம்பிக்கற வளைவுல இருந்தே அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வரணும். யாஸ் மரீனால 1.2 கிலோமீட்டர் நேர்ரோடு இருக்கு. அதுக்கு முன்னால ஒரு ஹேர்பின், அதாவது கொண்டை ஊசி வளைவு, இருக்கு. நல்லதுதான். ஆனா அந்த ஹேர்பினுக்கு முன்னால, குறுக்கால ஒரு குட்டி எஸ் வளைவு வெச்சாங்க பாருங்க, அது அத்தனையையும் கெடுத்துச்சு. அங்க காருங்க ஒண்ணுபின்னால ஒண்ணாத்தான் நுழைய முடியும். முன்னால போறவன் முதல்ல ஆக்சிலேட்டரை மிதிக்கறான், பின்னால இருக்கறவன் அரை நொடி கழிச்சு மிதிக்கறான். இந்த இடைவெளி நேர்ரோட்டுல ரப்பர் மாதிரி இழுபடும். போதாக்குறைக்கு முன்னால போற காரு காத்தைக் கலக்கி விட்டுடும். பின்னால வர்ற காரோட முன் இறக்கைக்கு நல்ல காத்து கிடைக்காது, மூக்கு வழுக்கும், டயர் சூடேறும், இன்னும் லேட்டாத்தான் மிதிக்க முடியும். நேர்ரோடு முடியற இடத்துலயாவது அகலமான வளைவு வெச்சாங்களா? அங்கயும் ஒரு குறுகலான எஸ்ஸு. பெட்ரோவோட ரெனோவுக்கு நேர்ரோட்டுல வேகம் ஜாஸ்தி. முடிஞ்சுது கதை.

நான் சும்மா சொல்லலைங்க. 2021-ல அவங்களே அந்தக் குட்டி எஸ்ஸைப் பேத்தெடுத்தாங்க, ஹேர்பினை அகலமாக்கினாங்க, 5.281 கிலோமீட்டரா சுருக்கினாங்க. அந்த வருஷக் கடைசிச் சுற்றுல வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனைத் தாண்டினது எங்க? அந்த மாத்திக் கட்டின ஹேர்பின்ல. புது டயர் போட்டிருந்தாரு, சேஃப்டி கார் தகராறு இருந்துச்சு, அதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா தாண்டறதுக்கு இடம் இருந்துச்சுல்ல?

இப்போ தம்பிகிட்ட வர்றேன்.

சாவு பார்க்க டிக்கெட் எடுக்கறோமாம். தம்பி, நாங்க கேக்கறது சாவை இல்லை, கல்லை. கூழாங்கல். பட்டாணி சைஸுல, உருண்டையா, 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொட்டி வெக்கற கல்லு. பழைய ட்ராக்குல வளைவுக்கு வெளிய அதுதான் இருக்கும். தப்பு பண்ணினா உள்ள போயி சக்கரம் புதைஞ்சு நிக்கும். டிரைவர் இறங்கி நடந்து வருவாரு. உயிர் இருக்கும், மானம் இருக்காது. அவ்வளவுதான்.

ஏன் எடுத்தாங்கன்னும் நானே சொல்றேன், தம்பி சொன்னதை விட ஒழுங்கா. 1994-ல இத்தாலில இமோலா ட்ராக்குல அடுத்தடுத்த நாள் ராட்ஸன்பெர்கர், சென்னான்னு ரெண்டு டிரைவருங்க செத்த பிறகு எல்லா ட்ராக்கையும் திருப்பிப் பார்த்தாங்க. கல்லுல குறை உண்டு. கார் குறுக்கால வழுக்கி வந்தா சக்கரம் கல்லுல மாட்டிக் குட்டிக்கரணம் அடிக்கும். ரொம்ப வேகமா வந்தா கல்லு மேலயே தாவிப் போகும், வேகமே குறையாது. 2022 சில்வர்ஸ்டோன்ல தலைகீழா வந்த ஜோ குவான்யூவோட கார் கல்லைத் தாண்டி, டயர்ச் சுவரையும் தாண்டிப் போய் வேலில விழுந்துச்சு. தாருன்னா பிரேக் பிடிக்கும். அதனால தாரைப் போட்டாங்க. நியாயம்தான்.

ஆனா கல்லை எடுத்தப்போ அதோட பயத்தையும் எடுத்துட்டாங்களே! வளைவுக்கு வெளிய கிரிக்கெட் மைதானம் சைஸுல தாரு. அகலமா எடுத்தா நேரம் மிச்சம்னா எவன் உள்ள ஓட்டுவான்? உடனே வெள்ளைக்கோடு போட்டாங்க, கோட்டைத் தாண்டினா அபராதம்னாங்க. 2023 ஆஸ்திரியால என்னாச்சு? 71 சுற்று பந்தயத்துல, காரு கோட்டைத் தாண்டுச்சா இல்லையான்னு 1,200 தடவைக்கு மேல பார்க்க வேண்டியதாப் போச்சு. ஆயிரத்து இருநூறு! பந்தயம் முடிஞ்சு, பரிசு குடுத்து, ஜனங்க வீட்டுக்குப் போயி சாப்பிட்டு முடிச்ச பிறகு எட்டு டிரைவருங்களுக்குத் தண்டனை குடுத்து ரிசல்ட்டை மாத்தினாங்க. இது கார் பந்தயமா, வில்லங்கச் சான்றிதழா?

அடுத்த வருஷம் அதே ட்ராக்குல என்ன பண்ணினாங்க தெரியுங்களா தம்பி? கடைசி ரெண்டு வளைவுல ரோட்டோரக் கெர்புக்கு வெளிய ரெண்டரை மீட்டர் அகலத்துக்குக் கல்லைக் கொட்டினாங்க. அதுக்கு அப்பால பழைய தாரு அப்படியே இருக்கு. சின்னத் தப்புக்குக் கல்லு, பெரிய தப்புக்குத் தாரு. தகராறு ரொம்பக் குறைஞ்சு போச்சு. யாராவது செத்தாங்களா? ரெண்டரை மீட்டர் கல்லு கேட்டதுக்கா தம்பி எங்களைக் கொலைகாரப் பட்டியல்ல சேர்த்தீங்க?

தம்பி தலையை ஆட்டறாரு. "மொனாக்கோ பழைய ட்ராக்தானே, அங்க எவன் தாண்டினான்"னு கேக்கறாரு. நல்ல கேள்வி. 2024-ல முதல் பத்து பேரும் கிளம்பின வரிசைலயே வந்து சேர்ந்தாங்க. பேங்க் க்யூ கூட அவ்வளவு ஒழுங்கா நகராது. ஆனா அது ட்ராக்கோட தப்பா? மொனாக்கோ ரோடு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு. கார்தான் பெருத்துப் போச்சு. நம்ம அம்பாசடர் 4.3 மீட்டர். 2024-ல ஓடின காருங்க அஞ்சரை மீட்டர் நீளம், ரெண்டு மீட்டர் அகலம். சந்துக்குள்ள ரெண்டு யானையை விட்டுட்டு ஏன் ஒண்ணு ஒண்ணைத் தாண்டலைன்னா?

புது ட்ராக்குக்குன்னு ஒரு சமையல் குறிப்பு இருக்குங்க. நீளம் 3.5 கிலோமீட்டருக்குக் குறையக்கூடாது. நம்ம செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே 2.1, அது கணக்குலயே வராது. அகலம் 12 மீட்டர், கிளம்பற இடத்துல 15. நேர்ரோடு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது. இதை எடுத்துக்கிட்டு, நீளமா ஒரு ரோடு, கடைசில இறுக்கமா ஒரு வளைவு, நடுவுல பத்துப் பன்னெண்டு சின்ன வளைவுன்னு சுட்டுத் தள்ளினா ஊர் ஊருக்கு ஒரே தோசைதான் வரும். டில்கேவைக் குறை சொல்லலை. இஸ்தான்புல்ல ஒரே வளைவுல நாலு தடவை உள்விளிம்பைத் தொடற எட்டாவது வளைவை வரைஞ்சதும் அதே மனுஷன்தான், அதுக்குக் கும்பிடலாம். கொரியால கட்டினாங்க, 2010-ல இருந்து நாலு வருஷம் பந்தயம் நடந்துச்சு. நம்ம கிரேட்டர் நொய்டால கட்டினாங்க, மூணு வருஷம் நடந்துச்சு. மூணையும் வெட்டலே ஜெயிச்சாரு. நொய்டால முதல் நாள் பயிற்சில ஒரு நாய் ட்ராக்குக்குள்ள ஓடி செஷனையே நிறுத்துச்சு. வேற என்ன நடந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்கு அந்த நாய்தான் ஞாபகம் இருக்கு.

நடுவர் ஐயா மணி மேல கை வைக்கறாரு. ஐயா, ஒரே ஒரு ட்ராக். ஹோக்கன்ஹைம், ஜெர்மனி. 6.8 கிலோமீட்டர். ஸ்டேடியத்துல கிளம்பற காரு காட்டுக்குள்ள போயிடும். ஒண்ணும் தெரியாது. சத்தம் மட்டும் மரங்களுக்குள்ள தூரமாப் போயி, தேஞ்சு, நின்ன மாதிரி இருக்கும். ஒரு லட்சம் பேரும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. மறுபடி சத்தம் வரும். எவன் முன்னால வர்றான்? அதுக்காகவே ஜனங்க வந்தாங்க.

2000, ஜூலை 30. பாரிக்கெல்லோ 18-ஆவது இடத்துல கிளம்பினாரு. 120 பந்தயத்துக்கு மேல ஓட்டியும் ஒண்ணுகூட ஜெயிக்காத மனுஷன். கடைசி சுற்றுகள்ல மழை. ஸ்டேடியம் பக்கம் கொட்டுது, காட்டுக்குள்ள காஞ்சு கிடக்கு. முன்னால இருந்த ஹாக்கினன் மழை டயருக்குப் போனாரு. பாரிக்கெல்லோ போகலை. காஞ்ச ரோட்டு டயரோடவே ஸ்டேடியத்துல தவழ்ந்து, காட்டுக்குள்ள பறந்து, மறுபடி தவழ்ந்து, ஜெயிச்சாரு. ட்ராக் அவ்வளவு நீளமா இருந்ததாலதான் ஒரு பக்கம் மழையும் ஒரு பக்கம் காஞ்ச ரோடுமா இருக்க முடிஞ்சுது. மேடைல பிரேசில் கொடியைப் பிடிச்சுக்கிட்டுக் குழந்தை மாதிரி அழுதாரு. ஜெயிச்சதை சென்னாவுக்குச் சமர்ப்பணம் பண்ணினாரு.

தம்பி எந்திரிக்க வேண்டாம், நானே சொல்லிடறேன். 1968-ல ஜிம் கிளார்க்ங்கற டிரைவர் செத்ததும் அதே காட்டுலதான். முன்னே 45 சுற்று, சுருக்கின பிறகு 67 சுற்று, ஜனங்களுக்குக் காரு 22 தடவை கூடுதலாத் தெரியுது. கணக்கு எல்லாம் உங்க பக்கம்தான் தம்பி. வெச்சுக்குங்க.

2002-ல அந்தக் காட்டு ரோட்டைப் பேத்தெடுத்தாங்க. ட்ராக் 4.574 கிலோமீட்டராச்சு. பேத்த இடத்துல மரக்கன்னு நட்டாங்க. பாரிக்கெல்லோ காஞ்ச ரோட்டு டயரோட பறந்த ரோட்டுல இன்னைக்கு மரம் நிக்குது. மரம் நட்டதுக்கு வருத்தப்படற ஒரே ஆள் இந்த ஜில்லாவுலயே நானாத்தான் இருப்பேன்.

அடிங்க ஐயா மணியை.