அருங்காட்சியகத் தலைக்கவசத்தில் ரோஹன் வீரர் தெரிகிறாரா?

வணக்கம். இந்த வாரம் எடுத்துக்கொண்ட கேள்வி, லண்டன் போய் வந்த ஒரு நேயருடையது. "பிரிட்டிஷ் மியூசியத்தில் சட்டன் ஹூ தலைக்கவசத்தையும் வாளையும் பார்த்தேன். லார்ட் ஆஃப் த ரிங்ஸில் வரும் ரோஹன் வீரர்கள்தான் கண்முன் வந்து நின்றார்கள். இது வெறும் பிரமையா, நிஜமாகவே தொடர்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

பிரமை இல்லை. சட்டன் ஹூ என்பது இங்கிலாந்தில் பழங்கால ஆங்கிலோ-சாக்சன் மக்களின் புதைமேடுகள் இருக்கும் இடம். ரோஹன், அந்தக் கதையில் குதிரை வீரர்கள் வாழும் நாடு. கதையை எழுதிய டோல்கீன், 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியர். சட்டன் ஹூ மக்கள் பேசிய பழைய ஆங்கிலம்தான் அவருடைய பாடம். ரோஹன் அரசர் பெயர் தியோடன் இல்லையா? அந்த மொழியில் அதற்குப் பொருளே அரசன்தான். அவருடைய மருமகன் எயோமர், மருமகள் எயோவின் என்ற இருவர் பெயர்களின் தொடக்கத்தில் இருப்பது குதிரையைக் குறிக்கும் சொல். ஆக, ஒரே ஊற்றிலிருந்து வந்த இரண்டைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அதற்காக, அந்தக் கவசத்தைப் பார்த்துத்தான் அவர் எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். 1939இல் சஃபோக்கில் ஒரு மேட்டுக்குள் புதைந்திருந்த கப்பலிலிருந்து கிடைத்தபோது அது நூற்றுக்கணக்கான துண்டுகளாக இருந்தது. இப்போது நாம் பார்க்கும் உருவத்தில் அதை ஒட்டிச் சேர்த்தது 1971இல். கதை வெளிவந்ததோ 1954-55இல்!

சரி, அந்த முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தீர்களா? மூக்கு ஓர் உடல், புருவங்கள் இரண்டும் இறக்கை, மீசை வால். முகம் முழுவதுமே மேல்நோக்கிப் பறக்கும் ஒரு பிராணி. உச்சியிலிருந்து இறங்கி வரும் டிராகனின் தலையை அது நெற்றியில் சந்திக்கிறது. புருவங்களின் ஓரத்தில் சிவப்புக் கார்னெட் கற்கள். ஒரு புருவத்தில் மட்டும் கற்களுக்கு அடியில் தங்கத் தகடு இல்லை. அரண்மனைக் கூடத்தில் நெருப்பு வெளிச்சம் பட்டால் ஒரு பக்கம் ஜொலிக்கும், மறுபக்கம் இருண்டு கிடக்கும். ஒற்றைக் கண் தெய்வமான ஓடினை நினைத்துச் செய்தது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

அப்புறம், அடுத்த முறை போனால், வாளைப் பார்த்த கையோடு அதே மியூசியத்தில் இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். 1857இல் தேம்ஸ் ஆற்றில் கிடைத்த, ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள நீளக் கத்தி. சுமார் 72 செ.மீ. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அலகில், ஆங்கிலோ-சாக்சன் மக்களின் பழைய எழுத்தான ரூன் அகரவரிசையின் 28 எழுத்துகளையும் உலோகக் கம்பியால் இழைத்திருக்கிறார்கள். டோல்கீன் ஹாபிட் கதையின் வரைபடத்தில் எழுதியதும் இந்த வகை ரூன்களைத்தான். அகரவரிசையின் பின்பகுதியில் சில எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. எழுத்துகளைப் பதித்த கொல்லருக்கு வரிசை சரியாகத் தெரியவில்லை போலும். அந்தத் தப்பைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. பக்கத்திலேயே பேக்னோத் என்று ஒரு பெயரும் இருக்கிறது. அது அந்தக் கொல்லர் பெயராகவே இருக்கலாம், கத்தியை இடுப்பில் கட்டியவர் பெயராகவும் இருக்கலாம்.